ஹோண்டாவின் நான்காவது வருகை: ஒரு பார்முலா ஒன் எஞ்சினின் நிகழ்வு ஆய்வு (2013–2021)

2015 செப்டம்பர் 27, ஜப்பானின் சுசுகா பந்தயத் தடம். தடம் ஹோண்டாவுக்குச் சொந்தமானது. நிறுவனத்தின் பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நேர்ச்சாலையில் மெக்லாரன்-ஹோண்டா காரை மற்ற கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. இரண்டு முறை உலகச் சாம்பியனான அதன் ஓட்டுநர் பொறுக்க முடியாமல், "ஜிபி2 எஞ்சின்" என்று ரேடியோவில் கத்தினார். ஜிபி2 என்பது பார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே உள்ள பந்தயம். அந்தக் குரல் உலகம் முழுக்க ஒளிபரப்பானது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 12 அன்று, அபுதாபியில் அதே ஆராய்ச்சிக்கூடத்தின் எஞ்சின் ஓர் ஓட்டுநரை உலகச் சாம்பியன் ஆக்கியது. ஹோண்டா எஞ்சினுக்கு 30 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஓட்டுநர் பட்டம் அது. ஆனால் அன்றுதான் அந்த நிறுவனத்தின் கடைசிப் பந்தயமும். போகிறோம் என்று ஓராண்டுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள்.

இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே எடுத்த முடிவுகளைப் பற்றியது இந்தப் பதிவு. ஆட்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். யார் தப்பு செய்தார் என்பதைவிட எந்த முடிவு எதில் போய் முடிந்தது என்பதே படிக்கிறவர்களுக்குப் பயன்படும்.

பின்னணி: வருவதும் போவதும்

மோட்டார் சைக்கிளில் பெயர் வாங்கிய ஹோண்டா, கார் விற்கத் தொடங்கியது 1963இல். மறு ஆண்டே, 1964 ஆகஸ்டில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் சொந்த எஞ்சின், சொந்தக் காரோடு பார்முலா ஒன்னில் இறங்கிவிட்டது. 1965இல் மெக்சிகோவிலும் 1967இல் மான்சாவிலும் வென்றது. 1968இல் பிரான்சின் ரூவான் தடத்தில், காற்றால் குளிரூட்டும் எஞ்சின் பூட்டிய புதிய கார் விபத்துக்குள்ளாகி எரிந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். அந்தக் கார் பந்தயத்துக்குத் தயாராகவில்லை என்று அணியின் முதன்மை ஓட்டுநர் ஏற்கெனவே அதை ஓட்ட மறுத்திருந்தார். அந்த ஆண்டு முடிவில் ஹோண்டா விலகியது.

இரண்டாவது வருகை 1983 முதல் 1992 வரை, எஞ்சின் மட்டும் தருபவராக. 1986 முதல் 1991 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஹோண்டா எஞ்சின் பூட்டிய அணிகளே அணிப் பட்டம் வென்றன. 1988இல் 16 பந்தயங்களில் 15 மெக்லாரன்-ஹோண்டாவுக்கு. அப்புறம் மறுபடி விலகல். மூன்றாவது வருகை 2000 முதல் 2008 வரை. கடைசி மூன்று ஆண்டுகள் சொந்த அணியாகவே ஓடியும் கிடைத்தது ஒரே வெற்றி, 2006இல் புடாபெஸ்டில். 2008 டிசம்பரில், உலகப் பொருளாதார நெருக்கடியில், அணியைப் பெயரளவு விலைக்குக் கைமாற்றிவிட்டுக் கிளம்பினார்கள். ஹோண்டாவின் பணத்தில் வடிவமைத்த அந்தக் கார், மெர்சிடிஸ் எஞ்சினோடு 2009இல் இரண்டு பட்டங்களையும் வென்றது.

இந்தப் பழைய கதைக்கு இங்கே வேலை இருக்கிறது. ஹோண்டா பந்தயத்தை இளம் பொறியாளர்களுக்கான பயிற்சிக்களமாகப் பார்க்கும் நிறுவனம். நாலைந்து வருடம் பந்தய எஞ்சினில் வேலை பார்த்தவரை எடுத்துச் சாலைக் கார் பிரிவில் போடுவார்கள். நிறுவனத்துக்கு அது நல்லது. ஆனால் ஒவ்வொரு முறை விலகும்போதும் பந்தய அறிவு நாலாபக்கமும் சிதறிவிடும். அடுத்து வருகிறவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 2013இல் நடந்தது அதுவே.

திரும்பி வரும் முடிவு

2014 முதல் பார்முலா ஒன் விதிகள் அடியோடு மாறின. 1.6 லிட்டர் வி6 டர்போ எஞ்சின், இரண்டு மின் மோட்டார்கள், ஒரு பேட்டரி. எரிபொருள் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பாயக் கூடாது. பெட்ரோலை அள்ளிக் கொட்டித் திறன் எடுக்க முடியாது, ஒவ்வொரு துளியிலிருந்தும் பிழிந்தெடுக்க வேண்டும். சாலைக் கார்களுக்கு உதவும் தொழில்நுட்பம் என்பதால் 2013 மே 16 அன்று ஹோண்டா திரும்பி வருவதாக அறிவித்தது. தொடக்கம் 2015இல், பழைய கூட்டாளி மெக்லாரனோடு.

மெர்சிடிஸ், ஃபெராரி, ரெனோ மூவரும் இந்த எஞ்சின்களில் பல ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஹோண்டாவுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. டோச்சிகி மாகாணத்தில் சகுரா என்ற இடத்தில் புதிய ஆராய்ச்சிக்கூடத்தைக் கட்டிக்கொண்டே எஞ்சினையும் கட்டினார்கள். 2014 நவம்பரில் அபுதாபியில் நடந்த சோதனையில் மெக்லாரன் காரில் பூட்டி ஓட்டியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய சுற்றுகளே முடிந்தன. ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஆழம் எது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், மீதிக் கதை அதில்தான் நிற்கிறது. இந்த எஞ்சினில் இரண்டு மின் மோட்டார்கள். எம்ஜியூ-கே என்பது எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டோடு இணைந்தது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் எடுக்கும், வேகமெடுக்கும்போது 120 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 160 குதிரைத்திறனைச் சேர்க்கும். எம்ஜியூ-ஹெச் என்பது டர்போவின் தண்டில் உட்கார்ந்திருப்பது. வீணாக வெளியேறும் சூடான புகை டர்பைனைச் சுழற்ற, அந்தச் சுழற்சியிலிருந்து இது மின்சாரம் எடுக்கிறது. விதிப்படி அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுழலலாம்.

பேட்டரியிலிருந்து ஒரு சுற்றுக்கு 4 மெகாஜூல் மட்டுமே எடுக்கலாம். 120 கிலோவாட்டால் வகுத்துப் பார்த்தால் 33 விநாடிதான் வரும். சுசுகாவில் ஒரு சுற்று ஓட ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதில் பெரும்பகுதி முழு வேகத்தில். மீதி நேரத்துக்கு 160 குதிரைத்திறன் எங்கிருந்து வரும்? எம்ஜியூ-ஹெச் எடுக்கும் மின்சாரத்தை நேராக எம்ஜியூ-கேவுக்கு அனுப்பலாம். அதற்கு விதியில் வரம்பே இல்லை. எனவே யாருடைய எம்ஜியூ-ஹெச் நன்றாக வேலை செய்கிறதோ அவருக்கு நேர்ச்சாலை முழுக்க மின்திறன் கிடைக்கும். மற்றவருக்குப் பாதி வழியிலேயே 160 குதிரைகள் காணாமல் போகும்.

அளவைப் பற்றிய முடிவு

இந்த நிகழ்வின் மையமான முடிவு இதுதான். மெக்லாரனின் வடிவமைப்பாளர்கள் காரின் பின்பகுதியை முடிந்தவரை ஒல்லியாக்க விரும்பினார்கள். பின்பகுதி ஒடுங்கினால் காற்று நன்றாகப் பாயும், கார் தடத்தை இறுகப் பற்றும். அதற்கு எஞ்சின் சிறியதாக இருக்க வேண்டும். அதை 'சைஸ் ஜீரோ' என்று அழைத்தார்கள்.

2014இல் எல்லோரையும் அடித்து நொறுக்கிய மெர்சிடிஸ், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரை முன்னாலும் டர்பைனைப் பின்னாலும் வைத்து, நடுவே நீண்ட தண்டால் இணைத்திருந்தது. அப்படி வைத்தால் கம்ப்ரசரை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். ஹோண்டா எடுத்த வழி வேறு. வி வடிவில் விரிந்த இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள்ளேயே கம்ப்ரசரைப் புதைத்தது. எஞ்சின் நிஜமாகவே சின்னதாக வந்தது.

இந்த முடிவை முட்டாள்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2014இல் மெக்லாரன் மெர்சிடிஸ் எஞ்சினைத்தான் விலைக்கு வாங்கி ஓட்டியது. ஒருவரிடம் எஞ்சின் வாங்கி அவரையே தோற்கடிப்பது கடினம். வேறு மாதிரி ஏதாவது செய்தால்தான் முந்த முடியும் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. தப்பு வரிசையில் இருந்தது. எரிப்பு எப்படி நடக்கும், கம்ப்ரசர் எவ்வளவு காற்று தர வேண்டும், எம்ஜியூ-ஹெச் எவ்வளவு மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிவதற்கு முன்பே பெட்டியின் அளவு முடிவாகிவிட்டது. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிய கதை.

2015: கண்ணில் பட்டவை

பிப்ரவரியில் ஹெரெஸ் தடத்தில் நடந்த நான்கு நாள் சோதனை ஓட்டத்தில் மெர்சிடிஸ் 516 சுற்றுகள் ஓடியது. மெக்லாரன்-ஹோண்டா ஓடியது 79. ஆஸ்திரேலியாவில் முதல் பந்தயம்: ஒரு கார் தொடக்கக் கோட்டுக்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது, மற்றொன்று 11ஆவதாக, கடைசியாக வந்து சேர்ந்தது.

பள்ளத்துக்குள் அடங்கிய சின்னக் கம்ப்ரசர் போதுமான காற்று தர அளவுக்கு மீறி வேகமாகச் சுழல வேண்டியிருந்தது. சுற்றிலும் எஞ்சின் சூடு வேறு. எம்ஜியூ-ஹெச்சிடமிருந்து எதிர்பார்த்த மின்சாரம் வரவில்லை. நேர்ச்சாலையின் நடுவே திறன் தீர்ந்துபோனது. சுசுகாவில் அந்த ஓட்டுநர் கத்தியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதைச் சீக்கிரம் சரிசெய்யவும் வழியில்லை. எஞ்சினில் எதை, எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு அப்போது 'டோக்கன்' முறை இருந்தது. புதிதாக வந்த ஹோண்டாவுக்கு அந்தப் பருவத்துக்குக் கிடைத்தது 9 டோக்கன். கம்ப்ரசரை இடம் மாற்றுவதெல்லாம் அதில் அடங்காது. கெட்டுப்போகும் எஞ்சினை மாற்றினாலோ, ஒதுக்கிய எண்ணிக்கையைத் தாண்டியதற்காகத் தொடக்க இடத்தில் பின்னால் தள்ளுவார்கள். பெல்ஜியத்தில் இரண்டு கார்களுக்கும் சேர்த்து 105 இடம் தண்டனை. நிற்பதே 20 கார்கள்!

ஆண்டு முடிவில் 27 புள்ளி, அணிகளில் ஒன்பதாவது இடம்.

2016

கம்ப்ரசரைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள், பள்ளத்துக்குள்ளேயே. திட்டத்தின் தலைவரும் மாறினார். மின்சாரம் நேர்ச்சாலை முடியும்வரை கிட்டத்தட்ட நின்றது. 76 புள்ளி, ஆறாவது இடம். மேலே போகிறோம் என்ற நம்பிக்கை இரண்டு பக்கமும் வந்தது. ஆனால் அந்தக் கட்டமைப்பில் இதற்கு மேல் எடுக்க எதுவும் இல்லை என்று சகுராவில் இருந்தவர்களுக்குப் புரிந்திருந்தது.

2017: எல்லாவற்றையும் மாற்றிய ஆண்டு

டோக்கன் முறை ஒழிந்தது. ஹோண்டா எஞ்சினை முதலிலிருந்து வரைந்தது. கம்ப்ரசர் பள்ளத்தை விட்டு வெளியே வந்தது, ஏறக்குறைய மெர்சிடிஸ் வழிக்கு. அதோடு சிலிண்டருக்குள் எரியும் முறையையும் மாற்றினார்கள். ஒரு சின்ன முன்னறையில் பற்றவைத்து, அங்கிருந்து பீறிடும் தீநாக்குகளால், பெட்ரோல் குறைந்த மெலிந்த கலவையை எரிக்கும் முறை. முன்னணியில் இருந்தவர்கள் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். திசை சரி.

கோளாறு, சோதித்த விதத்தில். புதிய எரிப்பு முறையை ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் ஓட்டிப் பார்த்தபோது நல்ல எண்கள் வந்தன. ஆறு சிலிண்டரையும் சேர்த்து முழு எஞ்சினாக்கியபோது அந்த எண்கள் வரவில்லை. காரில் பூட்டிக் கியர்பாக்ஸோடு ஓட்டியபோது சோதனை மேடையில் தெரியாத அதிர்வு கிளம்பியது. எண்ணெய்த் தொட்டியின் கதை இன்னும் நல்ல உதாரணம். வளைவுகளில் கார் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். நிலையாக நிற்கும் மேடையில் அந்த விசை கிடையாது. பார்சிலோனாவில் சோதனையின் முதல் நாளே கார் அதனால் நின்றது. எட்டு நாளில் அவர்கள் ஓடிய சுற்றுகள் மெர்சிடிஸ் ஓடியதில் பாதிகூட இல்லை.

டர்போவின் தண்டு நீண்டுபோனதால் எம்ஜியூ-ஹெச் பேரிங்குகள் அடிக்கடி கெட்டன. முதல் புள்ளி கிடைத்தது எட்டாவது பந்தயத்தில், பாகூவில். ஆண்டு முடிவில் 30 புள்ளி, மறுபடி ஒன்பதாவது இடம்.

பிரிவு

2017 செப்டம்பர் 15, சிங்கப்பூர் பந்தய வாரம். அடுத்த ஆண்டு முதல் மெக்லாரன் ரெனோ எஞ்சினுக்குப் போகிறது, ரெனோ எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்த டோரோ ரோஸோ அணி ஹோண்டாவை எடுத்துக்கொள்கிறது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள்.

மெக்லாரனின் காரணம் வெளிப்படை. மூன்று ஆண்டு வீண். நட்சத்திர ஓட்டுநர் போய்விடுவார் என்ற பயம். தங்கள் கார் கிரிட்டில் சிறந்த கார்களில் ஒன்று, எஞ்சின்தான் குறை என்று உறுதியாக நம்பினார்கள்.

ஹோண்டாவின் முன் இரண்டு வழி. 1968, 1992, 2008போல விலகலாம், அல்லது இத்தாலியில் ஃபயென்சா என்ற ஊரில் இருந்து ஓடும் ஒரு நடுத்தர அணியோடு தொடரலாம். உலகமே பார்த்துச் சிரித்த நேரத்தில் நிர்வாகம் இரண்டாவதைத் தேர்ந்தது. இந்த எட்டு ஆண்டுகளில் எடுத்த முடிவுகளில் மிகத் துணிச்சலானது இதுதான் என்பது என் எண்ணம். தோல்வியோடு போயிருந்தால் கேள்வி கேட்டிருக்க யாரும் இல்லை.

2018: கேட்கத் தெரிந்த கூட்டாளி

டோரோ ரோஸோவின் தலைவர் முன்பு ஜப்பானில் பந்தய வேலை பார்த்தவர். ஜப்பானியர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி முடிவெடுப்பார்கள் என்று தன் ஆட்களுக்கு வகுப்பே ஏற்பாடு செய்தார். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் முந்தைய மூன்று ஆண்டுகளில் மெக்லாரன் இருக்கும் இங்கிலாந்தின் வோக்கிங்கும் ஜப்பானின் சகுராவும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் வீணாக்கிய நேரத்தை நினைத்தால், ஒரு வகுப்புக்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை. இன்னும் முக்கியமானது, எஞ்சினுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று இந்த அணி ஹோண்டாவிடம் கேட்டுக் காரை வரைந்தது.

ஹோண்டாவும் தன் வீட்டைச் சீர்படுத்தியது. அதுவரை ஒரே மனிதர் சகுராவில் எஞ்சின் உருவாக்கத்தையும் பார்த்தார், ஒவ்வொரு பந்தயத்துக்கும் பறந்துபோய்த் தடத்திலும் நின்றார், பத்திரிகையாளர்களுக்கும் பதில் சொன்னார். 2018இல் அந்தப் பொறுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். தடத்துக்கு ஒருவர், சகுராவுக்கு ஒருவர்.

சகுராவின் புதிய தலைவர், கெட்டுக்கொண்டே இருந்த எம்ஜியூ-ஹெச் தண்டுக்கு நிறுவனத்துக்குள்ளேயே உதவி கேட்டார். ஹோண்டா சிறிய ஜெட் விமானமும் அதன் எஞ்சினும் செய்யும் நிறுவனம். படுவேகமாகச் சுழலும் நீண்ட தண்டைத் தாங்கும் பேரிங் என்பது விமான எஞ்சின்காரர்களுக்கு அன்றாட வேலை. அவர்கள் வந்து பார்த்ததும் மூன்று ஆண்டுத் தலைவலி தீரத் தொடங்கியது. இதை முதல் முறை படித்தபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. மருந்து அடுத்த அறையிலேயே இருந்திருக்கிறது, யாரும் கதவைத் தட்டவில்லை.

குளிர்காலச் சோதனையில் டோரோ ரோஸோ 800 சுற்றுகளுக்கு மேல் ஓடியது. இரண்டாவது பந்தயத்தில், பஹ்ரைனில், நான்காவது இடம். ஹோண்டா திரும்பி வந்த பிறகு கிடைத்த மிகச் சிறந்த முடிவு அது. பருவ நடுவில் புதிய எஞ்சின் வடிவங்களைப் பந்தயத்திலேயே சோதித்து, அதற்கான தொடக்க இடத் தண்டனையையும் அணி முகம் சுளிக்காமல் ஏற்றது. சாம்பியன்ஷிப்பில் இடம் என்னவோ ஒன்பதுதான்.

அதே ஆண்டு மெக்லாரனுக்கும் ஒரு பாடம் காத்திருந்தது. ரெட் புல்லும் மெக்லாரனும் இப்போது ஒரே ரெனோ எஞ்சினில் ஓடின. ரெட் புல் நான்கு பந்தயம் வென்றது. மெக்லாரனின் சிறந்த முடிவு ஐந்தாவது இடம். காரின் காற்றுத் தடை அதிகம் என்பது அப்போதுதான் வெட்டவெளிச்சமானது. மூன்று ஆண்டுகளாக எல்லாப் பழியும் எஞ்சின் மேல் விழுந்ததால், காரின் குறை அதன் பின்னால் ஒளிந்திருந்தது. அந்த அணிக்கு உண்மையான நஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன்.

2019–2020: வெற்றி, அப்புறம் ஒரு அறிவிப்பு

டோரோ ரோஸோவின் மூத்த அணியான ரெட் புல் சில மாதங்கள் பக்கத்திலிருந்து கவனித்துவிட்டு, 2018 ஜூனில் ஹோண்டாவோடு ஒப்பந்தம் போட்டது. 2019இன் முதல் பந்தயத்திலேயே மூன்றாவது இடம், 2008க்குப் பிறகு ஹோண்டா ஏறிய முதல் பரிசு மேடை. ஜூன் 30 அன்று ஆஸ்திரியாவில், தொடக்கத்தில் பின்தங்கிய ரெட் புல் கார் ஒவ்வொருவராகத் தாண்டிவந்து கடைசிச் சுற்றுகளில் ஃபெராரியையும் முந்தியது. அதற்காக எஞ்சினின் கூடுதல் திறனைத் திறந்துவிட்டிருந்தார்கள். 2006க்குப் பிறகு முதல் வெற்றி. மேடையில் அந்த இளம் ஓட்டுநர் தன் உடையில் இருந்த ஹோண்டா முத்திரையைத் தொட்டுக் காட்டினார். தடப் பொறுப்பாளர் பரிசு வாங்க மேடையேறினார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நவம்பரில் பிரேசில். கடைசி வளைவு முடிந்து கோட்டை நோக்கி ஒரு டோரோ ரோஸோவும் ஒரு மெர்சிடிஸும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. நேர்ச்சாலை, வெறும் திறன் போட்டி. டோரோ ரோஸோ-ஹோண்டா முந்தி இரண்டாவதாக வந்தது. சுசுகா ரேடியோவுக்கு அங்கே பதில் கிடைத்தது.

2020 அக்டோபர் 2 அன்று, 2021 முடிவில் விலகுவதாக ஹோண்டா அறிவித்தது. 2050க்குள் கரிமச் சமநிலை என்று நிறுவனம் இலக்கு வைத்திருந்தது, பேட்டரிக்கும் எரிபொருள் மின்கலத்துக்கும் பொறியாளர்கள் தேவை. காரணம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேரத்தைப் பாருங்கள். எஞ்சின் அப்போதுதான் தேறியிருந்தது.

2021: சிறிய எஞ்சின்

முழுக்கப் புதிய எஞ்சின் ஒன்றை 2021க்கென்று திட்டமிட்டு, பெருந்தொற்றின்போது 2022க்குத் தள்ளியிருந்தார்கள். விலகல் முடிவானதும் அது காகிதத்திலேயே செத்துவிடும் நிலை. சகுராவின் தலைவர் நிறுவனத் தலைவரிடம் போய், கடைசி ஆண்டுக்கு அதைச் செய்ய அனுமதி கேட்டு வாங்கினார். மிகக் குறைந்த மாதங்களில் செய்து முடித்தார்கள்.

அந்த எஞ்சினைப் பற்றிய விவரங்கள் பின்னால் வெளிவந்தபோது ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. சிலிண்டர்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறைத்திருந்தார்கள். வால்வுகளின் கோணத்தை மாற்றி, அவற்றைத் திறந்து மூடும் கேம் தண்டைத் தாழ்வாக வைத்திருந்தார்கள். மொத்தத்தில் எஞ்சின் முன்பைவிடச் சிறியது, தாழ்ந்தது, காரின் பின்பகுதி ஒடுங்கியது. 2013இல் மெக்லாரன் கேட்டதும் அதுதானே! இந்த முறை எரிப்பும் டர்போவும் தண்டும் முழுக்கப் புரிந்த பிறகு அளவைக் குறைத்தார்கள்.

22 பந்தயங்களில் 11 வெற்றி. மொனாக்கோவில் தொடங்கித் தொடர்ந்து ஐந்து. அபுதாபியில் கடைசிச் சுற்றில், நடுவர் முடிவுகள் குறித்த கடும் சர்ச்சையோடு, ஓட்டுநர் பட்டம் வந்தது. அணிப் பட்டம் மெர்சிடிஸுக்குப் போனது.

அதன் பிறகு

2022 முதல் எஞ்சின் வளர்ச்சியை விதிகள் உறையவைத்தன. அதனால் அந்த எஞ்சினையே ரெட் புல் தன் பெயரில் ஓட்ட முடிந்தது. செய்து கொடுத்தது ஜப்பானில் இருந்த அதே ஆட்கள். 2023இல் ரெட் புல் 22 பந்தயங்களில் 21ஐ வென்றது. விலகியதாகச் சொன்ன நிறுவனத்தின் எஞ்சின் அது. அந்த ஆண்டு மே 24 அன்று, 2026 முதல் ஆஸ்டன் மார்ட்டின் அணியோடு திரும்பி வருவதாக ஹோண்டா அறிவித்தது. புதிய விதிகளில் திறனில் பாதியளவு மின்சாரத்திலிருந்து வர வேண்டும், எரிபொருளும் கரிமச் சமநிலை கொண்டதாக இருக்க வேண்டும் என்பதால் நிறுவனத்தின் இலக்கோடு பந்தயம் மறுபடி பொருந்தியது.

எதை மாற்றியிருக்கலாம்

முதலாவது தேதி. முதல் பந்தயத்தை 2016க்குத் தள்ளியிருந்தால் 2015இன் அவமானங்களில் பெரும்பாலானவை சோதனைக்கூடத்துக்குள்ளேயே முடிந்திருக்கும். கூட்டாளி அவசரப்பட்டாலும் எஞ்சின் செய்கிறவர் மறுக்க வேண்டிய இடம் அது.

அளவு விஷயத்தில், கார்காரர் கேட்பதும் எஞ்சின்காரர் கொடுப்பதும் தப்பில்லை. அளவைக் கேட்கும்போதே, அந்த அளவில் எவ்வளவு மின்சாரம் எடுக்க முடியும் என்ற எண்ணை மேசையில் வைத்துப் பேசியிருக்க வேண்டும். 33 விநாடிக் கணக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கும்.

2017ஐப் பொறுத்தவரை, கட்டமைப்பையும் எரிப்பு முறையையும் ஒரே குளிர்காலத்தில் மாற்றியது அதிகம். மாற்றத்தான் வேண்டும் என்றால், முழு எஞ்சினை உண்மையான கியர்பாக்ஸோடு சேர்த்து மேடையில் ஓட்டிப் பார்க்கும் வசதி முதலில் வந்திருக்க வேண்டும். விமானப் பிரிவின் கதவைத் தட்டுவதற்கு எந்த விதியும் தடையாக இருந்ததில்லை. 2015 பிப்ரவரியிலேயே தட்டியிருக்கலாம்.

2020இன் விலகலை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. எஞ்சின் வேலை முடிந்தவர்களைப் பேட்டரிக்கு அனுப்புவது நிறுவனத்தின் உரிமை. ஆனால் மூன்று ஆண்டுக்குள் திரும்பி வருவதாக அறிவிக்கப்போகும் நிறுவனம், ஒரு சிறு குழுவையாவது கலைக்காமல் வைத்துக்கொண்டு 2026 எஞ்சினை அப்போதே தொடங்கியிருக்கலாம். போட்டியாளர்கள் யாரும் அந்த நேரத்தில் நிற்கவில்லை.

2026 விதிகளில் எம்ஜியூ-ஹெச் கிடையாது. ஹோண்டா மிகுந்த பாடுபட்டுக் கற்ற அந்த நீண்ட தண்டுக்கும் அதன் பேரிங்குகளுக்கும் புதிய எஞ்சினில் இடமில்லை. மின்சாரம் முழுவதையும் எம்ஜியூ-கே ஒன்றே எடுத்துக் கொடுக்க வேண்டும். அதன் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்ந்திருக்கிறது.